சென்னைக்கு ஒரு 12 அடி கம்போட

மே 8, வியாழன், திருநெல்வேலி

போல் வால்ட், அதாவது நீளக் கம்ப ஊனி உயரத்துல இருக்குற பாரத் தாண்டுற விளையாட்டு, அத விளையாடுற பிள்ளைய வச்சிருக்கவங்களுக்கு வெளியூர் போறதுன்னா முதல் கவலை சாப்பாடு இல்ல ரூம் இல்ல, அந்தக் கம்புதான். எங்க பாப்பாவோட போல் 12 அடி நீளம், ஃபைபர் கிளாஸ். மடக்க முடியாது, ரெண்டா கழட்ட முடியாது. எங்கயாவது இடிச்சு ஆழமா ஒரு கீறல் விழுந்துட்டாலும் அப்புறம் அதை நம்பித் தாண்ட முடியாது, வளையும்போது ஒடிஞ்சா பிள்ளை அந்தரத்துல தலைகீழா இருக்கும். அதனால பழைய பெட்ஷீட் சுத்தி, மேல சாக்கு சுத்தி, அதுக்கும் மேல சைக்கிள் ட்யூப் போட்டுக் கட்டி, அம்பாசமுத்திரத்துல இருந்து ஜங்ஷன் வரைக்கும் வாழைத்தார் இறக்கிட்டு சும்மா திரும்புற ஒரு குட்டி யானைல வந்தோம். டிரைவர் தம்பி காசே வாங்கல. "ஜெயிச்சுட்டு வா தங்கச்சி"ன்னு மட்டும் சொன்னாரு.

பிள்ளை ஒன்பதாவது முடிச்சு பத்தாவது போறா. சென்னை நேரு ஸ்டேடியத்துல ஸ்டேட் லெவல் மீட், அவளுக்கு மாநில அளவுல இதான் முதல் தடவை. பி.டி. சார் மத்த பசங்கள கூட்டிக்கிட்டு முந்தின நாளே போயிட்டாரு, கம்பு போற ரயில்ல நானும் அவளும்.

கோச் வாசல்ல கம்பு திரும்பவே மாட்டேங்குது. அப்ப உள்ள இருந்த களக்காட்டுப் பெரியவர் ஒருத்தர் கம்பி இல்லாத எமர்ஜென்சி ஜன்னலத் திறந்துவிட்டு "இப்படிக் குடும்மா"ன்னு உள்ள இருந்து இழுத்தாரு, நான் பிளாட்பாரத்துல நின்னு தள்ளினேன், கம்பு சைடு பெர்த்துங்களுக்கு அடியில நீட்டமா போய்ப் படுத்துக்கிச்சு. டிக்கெட் செக் பண்ண வந்தவரு டார்ச் அடிச்சுப் பாத்தாரு, என்னன்னு கேட்டாரு, பாப்பா சொன்னா, "யார் காலும் தட்டாம பாத்துக்கம்மா"ன்னுட்டு போயிட்டாரு. வீட்டுல இருந்து கொண்டாந்த புளிசாதமும் உருளைக்கிழங்கும் பெரியவருக்கும் குடுத்தோம், அவரு எங்களுக்குக் கடலை மிட்டாய் குடுத்தாரு. பாப்பா படுத்தவ ஒரு கைய கீழ தொங்கப்போட்டு போல் மேல வச்சுக்கிட்டே தூங்கிட்டா.

மே 9, வெள்ளி, தாம்பரம் – பெரியமேடு

எழும்பூர்ல ஸ்டேஷன் வேலை நடக்குதுன்னு வண்டிய தாம்பரத்தோட நிப்பாட்டிட்டாங்க. மணி அஞ்சரை. எழும்பூர்னா ஸ்டேடியத்துக்கு நடந்தே போயிடலாம்னு இருந்தோம், இது எங்கயோ தள்ளி இருக்கு. வெளிய ஆட்டோக்காரங்க கம்பப் பாத்ததுமே தலைய ஆட்டிட்டாங்க, ஒருத்தர் மட்டும் 1200 கேட்டாரு. கூலி வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர்தான் "பீச் வண்டில வெண்டர் பெட்டில ஏறுங்க, அதுல எல்லாம் ஏத்துவாங்க"ன்னு சொல்லி கம்போட ஒரு முனைய அவரே தோள்ல வச்சுக்கிட்டு பாலம் ஏறி இறங்கி வந்தாரு. அம்பது ரூபா நீட்டினேன், இருபது மட்டும் எடுத்துக்கிட்டாரு.

வெண்டர் பெட்டில சீட்டு ஓரமாதான் இருக்கும், நடுவுல எல்லாம் கூடை. கீரைக்கட்டு, பூ மூட்டை, பால் கேன். கீரைக்கார அம்மா ஒருத்தங்க பாத்துட்டு "இன்னாமா இது, கட்சிக் கொடிக் கம்பமா?"ன்னாங்க. பாப்பா, இல்ல பாட்டி, இத ஊனித் தாண்டணும்னா. "எவ்ளோ ஒசரம்?" இவ எழுந்து நின்னு தன் தலைக்கு மேல கைய நல்லா தூக்கிக் காட்டினா. "இந்தாண்ட வா கண்ணு, நீ நிக்காத, காலு நோவும்"னு ரெண்டு கூடைய நகத்திட்டு அவளுக்கு இடம் பண்ணிக் குடுத்தாங்க. பார்க் ஸ்டேஷன்ல நாங்க இறங்கற வரைக்கும் அந்தப் பெட்டில இருந்த ஒருத்தர்கூட கம்ப மிதிக்கல.

பார்க்ல இறங்கி, ரோட்டக் கடந்து, ரிப்பன் பில்டிங் வழியா போனா பின்னாடிதான் ஸ்டேடியம். காலைல ஏழு மணிக்கே வெயில் முகத்துல அறையுது, கத்திரி ஆரம்பிச்சு நாலஞ்சு நாள்தான் ஆகுது. முன்னால அவ, பின்னால நான், நடுவுல கம்பு. திரும்புற இடத்துல எல்லாம் "அம்மா, ரைட்டு... அம்மா, நில்லு"ன்னு அவ சொல்லச் சொல்ல நான் நடந்தேன். பைக்ல வந்த பையன் ஒருத்தன் எங்களுக்காக வண்டிய குறுக்க நிப்பாட்டி பின்னாடி வந்த பஸ்ஸயே கைகாட்டி நிறுத்திட்டான்.

லாட்ஜ் பெரியமேட்டுல, தோல் குடோன்கள் இருக்குற சந்துல. வாடகை 900, ஃபேன் ரூம். மாடிப்படி குறுகல், கம்பு திரும்பாது. ராத்திரிக்கு கிரவுண்ட்ல வச்சுக்க முடியாதுன்னு அங்க சொல்லிட்டாங்க. கீழ தோல் கட்டு இறக்கிட்டு இருந்த லோடுமேன் அண்ணங்க ரெண்டு பேர் கயிறு போட்டு, ரெண்டாவது மாடி பால்கனி வழியா மேல இழுத்தாங்க. ஒரு இடத்துலயும் சுவத்துல உரசாம தூக்கினாங்க, "புள்ளையோட சாமான்பா, மெதுவா"ன்னு ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கிட்டு. டீ வாங்கிக் குடுத்தேன், டீ 15 ரூபா.

இந்த இடத்துல கொஞ்சம் பழைய கதை சொல்லணும்.

இவ ஏழாவது படிக்கும்போது பி.டி. சார் மூங்கில் கம்பு வச்சுதான் ஆரம்பிச்சு விட்டாரு. எங்க பள்ளிக்கூடத்துல பெட் கிடையாது, ஆத்து மணலக் கொட்டி மேல வைக்கோல் பரப்பி அதுல விழணும். மூங்கில்னு குறைவா நினைக்காத, வார்மர்டாம்னு ஒரு அமெரிக்காக்காரரு 1942-லயே மூங்கில் கம்ப வச்சு 4.77 மீட்டர் தாண்டியிருக்காருன்னு சார் சொல்வாரு, அத இவ நோட்டுல எழுதி வச்சிருக்கா. கூட ஆரம்பிச்ச பிள்ளைங்க எல்லாம் ஓட்டம், கபடின்னு போயிட்டாங்க. இவ மட்டும் போகல. ரொம்ப நாள் அவளுக்கு கம்பு நிமிரவே நிமிராது. வேகமா ஓடி வருவா, ஊனுவா, கம்பு பாதில நின்னு திரும்ப ஓடி வந்த பக்கமே இவளத் தள்ளிவிட்டுரும். முழங்கை, இடுப்பு, முதுகு எங்க பாத்தாலும் நீலம். இடது மணிக்கட்டுல ஹேர்லைன் ஃப்ராக்சர் ஆகி மாவுக்கட்டு போட்டிருந்தப்பவும் சாயங்காலமானா கிரவுண்டுக்குப் போயி கம்பு இல்லாம ஸ்டெப் மட்டும் ஓடுவா. போன வருஷம் மாவட்டப் போட்டில ஒரு உயரம்கூட தாண்டல, ஷீட்ல இவ பேருக்கு நேரா ஒண்ணுமே இல்ல. சொந்தக்காரங்க எல்லாரும் "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இது, கை கால் போனா யாரு கட்டுவா"ன்னாங்க. நானும் அவ அப்பாவும் ஒரு நாளும் அப்படி சொன்னதில்ல. அந்தப் போட்டி முடிஞ்ச அடுத்த நாள் காலைல அஞ்சு மணிக்கு அவளே எழுந்து ஷூ கட்டிக்கிட்டு இருந்தா.

ஆனா ஒண்ணு, எனக்கு ஜெராக்ஸ் கடை, காலைலயும் சாயங்காலமும் கடைய விட்டு நகர முடியாது. அடிபட்டு வர்றதுக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டிருக்கேன், வீடியோ பாத்திருக்கேன், அவ தாண்டுறத நேர்ல பக்கத்துல நின்னு பாத்ததே இல்ல.

சாயங்காலம் கிரவுண்ட்ல ப்ராக்டிஸ் விடல. பரவாயில்லம்மான்னுட்டு லாட்ஜ் மொட்டை மாடில ஒட்டடைக் குச்சிய கைல புடிச்சுக்கிட்டு கடைசி ஆறு ஸ்டெப்ப மட்டும் ஓடிக்கிட்டே இருந்தா. ராத்திரி எட்டு மணிக்கும் தரை சுட்டுச்சு. ரூம் பாய் பையன், வடநாட்டுப் பையன், தண்ணி கேன் எடுத்துட்டு வந்தவன் அப்படியே நின்னு பாத்தான். கீழ போயி யாரும் கேக்காமலே ஐஸ் தண்ணி ஒரு பாட்டில் கொண்டாந்து வச்சுட்டுப் போனான்.

மே 10, சனி, நேரு ஸ்டேடியம்

காலைல ரெண்டு இட்லிக்கு மேல சாப்பிட மாட்டேன்னுட்டா. கம்பு கயிறுல இறங்கிச்சு, நேத்து அண்ணங்களே வந்தாங்க. ஒன்பது மணி ஈவென்ட்னு சொன்னாங்க, பெட் செட் பண்ணி ஸ்டாண்ட் சரி பண்ணி ஆரம்பிக்கும்போது மணி பன்னெண்டரை. உச்சி வெயில்ல பொண்ணுங்க எல்லாம் நிழலே இல்லாம ரன்வே ஓரமா உக்காந்திருந்தாங்க. சேலத்துல இருந்து வந்த ஒரு அப்பா பெரிய கருப்புக் குடை கொண்டாந்திருந்தாரு. தன் மகளுக்கு மட்டும் புடிக்காம வரிசையா எல்லாப் பிள்ளைங்களுக்கும் மாத்தி மாத்திப் புடிச்சிட்டு இருந்தாரு. வெளிய மோர் 20 ரூபா, நன்னாரி சர்பத் 30. நான் ரெண்டும் குடிச்சேன், அவ எலக்ட்ரால் தண்ணி மட்டும்.

பாக்காதவங்களுக்காக சொல்றேன். ஒவ்வொரு உயரத்துக்கும் மூணு சான்ஸ். தொடர்ந்து மூணு தடவை தட்டிட்டா அதோட வெளிய. பேர் கூப்பிட்டதுல இருந்து ஒரு நிமிஷத்துக்குள்ள ஓட ஆரம்பிக்கணும். ஓட்டம் முடியுற இடத்துல தரைக்குள்ள ஒரு பெட்டி இருக்கு, இருபது சென்டிமீட்டர் ஆழம்தான், முழு வேகத்துல வந்து கம்பு நுனிய அதுல சரியா கொண்டுபோய் வைக்கணும், அதே நேரம் கால் தரைய விட்டுக் கிளம்பணும். கால் அரை அடி உள்ள வந்துட்டா கம்பு தோளப் புடிச்சு இழுத்துரும்.

இவ ஆரம்ப உயரம் 2.20 மீட்டர். பயிற்சில அவளோட பெஸ்ட்டும் அதான்.

முதல் தடவை ஓடி வந்தா, ஊனாம நேரா பெட்டுக்குள்ள ஓடிட்டா. சிவப்புக் கொடி. ரெண்டாவது, மேல போனா, பார் நெஞ்சுல பட்டு கூடவே விழுந்துச்சு. எனக்கு வயித்தப் புரட்டுது. போன வருஷ ஷீட்டுதான் கண்ணு முன்னால வருது. நான் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், கிட்டப் போக முடியாது, சார் அந்த மூலைல நின்னு ஏதோ கத்துறாரு, சத்தத்துல கேக்கல.

அப்ப ஒரு பொண்ணு எழுந்து வந்துச்சு, சென்னைப் பொண்ணு, அங்க இருந்ததுலயே நல்லா தாண்டுற பொண்ணு, 2.60-க்கு முன்னாடி இறங்கவே மாட்டேன்னு பாஸ் குடுத்துட்டு உக்காந்திருந்தது. இவகிட்ட வந்து "உன் கால் உள்ள வருதுடி, மார்க்க ஒரு அடி பின்னாடி வை"ன்னுச்சு. அதோட விடாம இவ டேப்ப எடுத்து, ஓட ஆரம்பிக்கிற இடத்துல அதுவே மார்க் ஒட்டிக் குடுத்துச்சு. போட்டி போட வந்த இன்னொரு பொண்ணுக்கு இத செய்யணும்னு அதுக்கு என்ன அவசியம். அந்தப் பிள்ளைய வளத்தவங்க நல்லா இருக்கணும்.

மூணாவது. பேர் கூப்பிட்டாங்க. இவ உடனே ஓடல. கைல பவுடர் போட்டு, கம்பத் தூக்கி, கண்ண மூடி, வாய்க்குள்ள எதையோ எண்ணினா. நேரம் போகுது போகுதுன்னு நான் இங்க தவிக்கிறேன். அப்புறம் கிளம்பினா பாருங்க, அந்த ஓட்டம் வேற. கம்பு வளைஞ்சத நான் கண்ணால பாத்தேன், வளைஞ்சு நிமிந்துச்சு, இவ இடுப்பு பாருக்கு மேல, முழுசா மேல, கம்பத் தள்ளிவிட்டுட்டு மெத்தைல முதுகு அடிச்சு விழுந்தா. வெள்ளைக் கொடி. நான் கத்தின கத்துல சேலத்து அப்பா குடைய கீழ போட்டுட்டாரு.

2.30-ஐ ரெண்டாவது சான்ஸ்ல தாண்டிட்டா. அது அவ வாழ்க்கைல முதல் தடவை தாண்டுன உயரம்.

2.40-ல ரெண்டு தடவை தட்டினா. கடைசி தடவ பாருக்கு மேல கால் போச்சு, இடுப்பு போச்சு, நெஞ்சும் போச்சு, இறங்கும்போது முழங்கை லேசா பட்டு பார் ஆடுச்சு, ஆடிக்கிட்டே இருந்துச்சு, இவ மெத்தைல மல்லாக்கப் படுத்து மேல பாத்துட்டு இருக்கா, விழுந்துருச்சு. நான் அழுவான்னு நினைச்சேன். இவ எழுந்து வந்து முதல் வேலையா கம்ப துடைச்சா, சார்கிட்டப் போயி கைய இப்படி இப்படி வச்சுக் காட்டி என்னமோ கேட்டா. விழுந்தது ஏன்னு கேக்குறா. சார் மணல்ல படம் போட்டுக் காட்டுறாரு, இவ குனிஞ்சு பாத்துட்டு இருக்கா. இத்தன வருஷமா எங்க கண்ணுக்குத் தெரியாத கிரவுண்ட்ல இவ இதத்தான் பண்ணிட்டு இருந்திருக்கா. தட்டிவிட்ட ஒவ்வொண்ணுக்கும் காரணம் கேட்டுட்டு திரும்ப மார்க்குல போயி நின்னுருக்கா. பெருமையா இருந்துச்சு, தொண்டை அடைச்சு தண்ணி இறங்கல.

மெடல் கிடைக்கல, ஆறாவது இடம். டேப் ஒட்டிக் குடுத்த பொண்ணு 2.90 தாண்டி முதல் இடம். அதுவும் 3 மீட்டர் வச்சு மூணு தடவை தட்டிட்டுதான் முடிச்சுச்சு, இந்த விளையாட்டுல ஜெயிச்ச பிள்ளையும் பாரத் தள்ளிவிட்டுட்டுதான் வீட்டுக்குப் போகணும். முடிஞ்சதும் ரெண்டும் ஒண்ணா உக்காந்து ஒரே தர்பூசணிய பங்கு போட்டுச் சாப்பிட்டுச்சுங்க. ரோஸி மீனா பால்ராஜ் பத்திப் பேச்சு, 2022 நேஷனல் கேம்ஸ்ல 4.20 தாண்டி, சுரேகா 2014-ல வச்ச 4.15 தேசிய ரெக்கார்ட உடைச்சவங்க, ரெண்டு பேரும் நம்ம தமிழ்நாட்டுக்காரங்க. நான் ஸ்கூல்ல படிச்ச காலத்துல பொம்பளைங்களுக்கு போல் வால்ட் ஒலிம்பிக்ஸ்லயே கிடையாது, 2000 சிட்னிலதான் சேத்தாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ராத்திரி அவங்கப்பா மஸ்கட்ல இருந்து போன் பண்ணாரு. 2.30 வீடியோ அனுப்பியிருந்தேன். "கடைசியா தட்டினதையும் அனுப்பு, அதையும் பாக்கணும்"னாரு. அனுப்பினேன். ரூம்ல கூட இருக்குற ஆளுங்க எல்லாரையும் எழுப்பிக் காட்டியிருக்காரு போல, பின்னாடி மலையாளத்துல யாரோ "கொள்ளாம் மோளே"ன்னு சொல்றது கேட்டுச்சு.

பெரியமேட்டுல பிரியாணி. ஹாஃப் 130 ரூபா, கத்திரிக்கா பச்சடியோட. பாப்பா ஒரு ஹாஃப் முடிச்சுட்டு இன்னொண்ணு கேட்டா. காலைல ரெண்டு இட்லி தின்ன பிள்ளை.

மே 11, ஞாயிறு, பீச், அத்தோ, அப்புறம் ரயில்

ரயில் ராத்திரிதான், கம்பு பால்கனில பத்திரமா இருக்குன்னுட்டு மெரினா போனோம். காலைலயே உழைப்பாளர் சிலைகிட்ட நல்ல காத்து. ராய் சௌத்ரி செஞ்சது, 1959-ல வச்சதுன்னு நான் சொன்னேன், இவ அத காதுலயே வாங்கல, பாறைய நகத்துற அந்த நாலு பேரோட கால் எப்படி ஊனியிருக்குன்னு சுத்திச் சுத்திப் பாத்தா. "அம்மா, இவரு பின்னங்கால்ல எவ்ளோ ஃபோர்ஸ் இருக்கு பாரு"ன்னா. கடல்ல கால் நனைச்சோம். மாங்கா பத்தை 30, சுண்டல் 20. ஒரு சுண்டல்காரத் தம்பி பாப்பா முழங்கைல இருந்த காயத்தப் பாத்து "அக்கா உப்புத் தண்ணி படாம பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டுப் போனான், பத்து வயசுகூட இருக்காது.

சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா பஜார் பக்கத்துல அத்தோ. பர்மால இருந்து திரும்பி வந்த நம்ம ஜனங்க கொண்டாந்த சாப்பாடு. ஆரஞ்சு நூடுல்ஸ்ல வெங்காயம், முட்டைக்கோஸ், புளித்தண்ணி, எண்ணெய், நொறுக்கின தட்டை எல்லாம் போட்டு கையாலயே பிசைஞ்சு தர்றாங்க, கூட வாழைத்தண்டு சூப் ஃப்ரீ, கேட்டா திரும்ப ஊத்துறாங்க. அத்தோ 80, முட்டைக்குள்ள பூண்டும் வெங்காயமும் வச்சுத் தர்ற பேஜோ ஒண்ணு 25. எனக்குக் காரம் தாங்கல, இவ மூணு பேஜோ.

அங்க நின்னுட்டு இருக்கும்போதுதான் சொன்னா. அம்மா, நேத்து கம்பு ரொம்ப வளையுது, சாரும் சொன்னாரு, எனக்கு இது மெத்துன்னு ஆயிருச்சு. விஷயம் என்னன்னா ஒவ்வொரு போல்லயும் எவ்ளோ எடை தாங்கும்னு எழுதியிருக்கும். இப்ப இருக்கது 45 கிலோ கம்பு. இவ 48 ஆயிட்டா, ஓட்டமும் வேகமாயிருச்சு. இனி அதுலயே தாண்ட வைக்கிறது சரியில்ல, ஒடியுற பயம் இருக்கு. அதோட இந்தக் கம்பு எங்களது இல்ல, பாளையங்கோட்டைல காலேஜ் படிக்குற ஒரு அக்கா தன்னோட பழச குடுத்து வச்சது, அடுத்து வர்ற சின்னப் பிள்ளைக்கு அதக் குடுக்கணும்னு இவளே சொல்றா. புதுசு விசாரிச்சேன், முப்பது நாப்பதாயிரத்துக்குக் கீழ பேச்சே இல்ல. அவங்கப்பா, ஓவர்டைம் இருக்கு பாத்துக்கலாம்னாரு. நானும் கடைல சீட்டு ஒண்ணு போட்டிருக்கேன், ஆனா அது தீபாவளிக்குத்தான் வரும். இவளுக்கு ஸ்கூல் திறந்து ஆகஸ்ட்ல மறுபடி மாவட்டப் போட்டி ஆரம்பிச்சுரும்.

திரும்பற வண்டியும் தாம்பரத்துல இருந்துதான். வெண்டர் பெட்டில ஏறும்போது இந்தத் தடவை யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே இவளே "போல் வால்ட் கம்பு அண்ணா, கொஞ்சம் கால் எடுத்துக்கங்க"ன்னு சத்தமா சொல்லிட்டா. கூச்ச சுபாவம், கடைக்கு அனுப்பினா பேசாம நின்னுட்டு வர்ற பிள்ளை.

படிக்கிறவங்ககிட்ட ஒரு கோரிக்கை. 12 அடியோ 13 அடியோ, 50-ல இருந்து 55 கிலோ வரைக்கும் தாங்குற பழைய போல், வெடிப்பு கீறல் இல்லாம, விளையாட்ட விட்டவங்க வீட்டுப் பரண்ல கிடந்தா சொல்லுங்க. நியாயமான விலை குடுத்துருவோம், எந்த ஊரா இருந்தாலும் நானும் அவளும் வந்து எடுத்துக்கிறோம்.